எது அதிகமாச் சத்தம் போடும்?

அத்தியாயம் பதினேழு

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போய் அன்றோடு இருபத்திரண்டு நாள். ஜெயக்கொடி ஒரு நாளையும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாயங்காலத்தை அவளால் மறக்க முடியுமா? கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர். மகள் தவமணி அரக்குப் பட்டில், காப்பித் தட்டோடு நிலைப்படியைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைக்கிறாள். பட்டென்று விளக்கு அணைந்தது. மின்வெட்டு என்றால் மதுரை ஓரத்துக் கோச்சடை முழுக்க இருண்டிருக்க வேண்டும். ஆனால் சந்துக்கு அந்தப் பக்கம், கணவனின் அண்ணனான மூத்தார் சிவனாண்டி வீட்டில் டியூப்லைட் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"பொண்ணு காலெடுத்து வைக்கயில வெளக்கு அணைஞ்சா, அதை மீறி யாரு சம்பந்தம் வைப்பா?" என்று மாப்பிள்ளையின் தாய் எழுந்துவிட்டாள்.

ஜெயக்கொடி வாசலுக்கு ஓடினாள். மாமனார் காலத்து மீட்டர் ஒன்றுதான் இரண்டு வீட்டுக்கும், ஃப்யூஸ் மட்டும் வீட்டுக்கு ஒன்று. அது சிவனாண்டியின் வாசல் சுவரில் இருந்தது. அங்கே டார்ச் வெளிச்சத்தில், அவள் வீட்டு ஃப்யூஸ் கட்டையைக் கையில் பிடித்தபடி சிவனாண்டி நின்றிருந்தார். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கட்டையைச் செருகிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எண்பத்தைந்தாம் வருஷம் மாமனார் இறந்து வீடு இரண்டானதிலிருந்தே உரசல்தான். தனி மீட்டருக்கு ஜெயக்கொடி மனுப் போட்டபோது பங்காளி கையெழுத்து வேண்டும் என்றார்கள். "அப்பா பேர்ல இருக்கிறது அப்படியே இருக்கட்டும்" என்று சிவனாண்டி மறுத்துவிட்டார். அதுவரைக்கும் அது வீட்டுச் சண்டை. கட்டையை அவர் கையில் பார்த்த பிறகு ஜெயக்கொடி அன்றைக்கே மஞ்சள் துணியில் காசு முடிந்து, நேர்ந்துகொண்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"எம்மகளை இருட்டுல நிறுத்துனவரு நிம்மதியாக் கண்ணை மூடக் கூடாது."

எப்படி என்பதுதான் இத்தனை நாளும் பிடிபடாமல் இருந்தது. சிவனாண்டி மெட்ராஸ் போகும் ராத்திரி பஸ்ஸின் டிரைவர். பகலில்தான் அவருக்குத் தூக்கம். ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணிக்கு எழுந்திருப்பார். அந்த ஜன்னல் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சந்தைப் பார்த்தது.

சந்தில் பாதி ஜெயக்கொடிக்குச் சொந்தம்.

*

வடக்கு வெளி வீதியில் இன்னாசிமுத்துவின் கடை வாசலில் இரண்டு ஜெனரேட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று சாம்பல் நிறத்தில், கைப்பிடி வைத்த டிரங்குப் பெட்டி மாதிரி. இன்னொன்று சிவப்பு, சட்டத்துக்குள் எஞ்சினும் குழாயும் அப்பட்டமாகத் தெரிந்தன.

ஜெயக்கொடியின் கணவன் முத்திருளன் சாம்பல் நிறத்துக்கு முன்னால் போய்க் குந்தினான். அவன் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். ஒரு பேனா வாங்கக்கூட நாலு கடை ஏறி இறங்குகிற ஆள். தினம் மதியம் ஒரு மணிக்குப் போகிற கரண்ட் மூன்று மணிக்குத்தான் வருகிறது என்பதால் ஜெனரேட்டருக்கு அவனும் தலையாட்டியிருந்தான். ஜெயக்கொடி பால் எருமை இரண்டையும் சந்தையில் விற்று வந்தபோதுதான் அவனுக்குச் சந்தேகம் தட்டியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

"ரெண்டும் ஒரே ஜாதிதான் சார்" என்றார் இன்னாசிமுத்து. ஐம்பது வயது, கழுத்தில் மெலிந்த சிலுவை, விரலெல்லாம் கிரீஸ். "பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகும், மண்ணெண்ணெய்ல ஓடும். பெட்ரோலுக்கு இந்தச் சின்ன டேங்க். ஒரு டம்ளர் ஊத்தினாப் போதும். எஞ்சின் சூடானதும், நாலஞ்சு நிமிஷத்துல, இந்த லீவரைத் திருப்பணும். அப்புறம் மண்ணெண்ணெய்தான். செலவு பாதிக்குப் பாதி."

"வித்தியாசம்?" என்றான் முத்திருளன்.

"சாம்பல்ல ஆயிரம் வாட்ஸ். நாலு டியூப்லைட், மூணு ஃபேன் தாங்கும். கிரைண்டர் போட்டா மூச்சு முட்டிரும். ஆனா சத்தமே தெரியாது சார். பக்கத்துல உக்காந்து பேசலாம். ஒரு ஆள் தூக்கிரலாம். சிவப்பு ரெண்டாயிரம். கிரைண்டரும் இழுக்கும். கனம் ஜாஸ்தி, புகையும் கொஞ்சம் வரும். வீட்டுக்குன்னா நான் சாம்பலைத்தான் சொல்லுவேன். சிவப்பெல்லாம் பந்தல் போடுறவங்க வாங்குறது."

"அதான் நமக்குச் சரி" என்று முத்திருளன் எழுந்தான்.

ஜெயக்கொடி சிவப்பு எந்திரத்தைச் சுற்றி வந்தாள். திரும்பிக் கேட்டாள்.

"எது அதிகமாச் சத்தம் போடும்?"

இன்னாசிமுத்து தப்பாகக் காதில் விழுந்ததோ என்று பார்த்தார். "எதுல சத்தம் கம்மின்னா கேக்குறீங்க? சாம்பல்தாம்மா."

"கம்மியைக் கேக்கல. எது கூடன்னு கேட்டேன்."

"சத்தம் வேணும்னு யாரும் கேட்டதில்லையேம்மா. வீட்டுல யாருக்காச்சும் காது மந்தமா?"

"இருந்துச்சுன்னா இனி நல்லாக் கேக்கும்ணே. சிவப்பை ஓட்டிக் காட்டுங்க."

இன்னாசிமுத்து கயிற்றைச் சுற்றி இழுத்தார். இரண்டாவது இழுப்பில் சிவப்பு எந்திரம் துள்ளி எழுந்து கத்தத் தொடங்கியது. நடைபாதையில் போனவர்கள் திரும்பினார்கள். எதிர்க்கடை வாசலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. முத்திருளன் காதைப் பொத்தினான். லீவரைத் திருப்பியதும் நீலப் புகை ஒன்று சுருண்டு எழுந்து மண்ணெண்ணெய் வாடை தெருவெல்லாம் பரவியது.

ஜெயக்கொடி காதைப் பொத்தவில்லை. மூன்று வாரத்தில் முதன்முறையாக அவள் முகம் தெளிந்தது.

"நிப்பாட்டயில மறக்காதீங்கம்மா" என்று இன்னாசிமுத்து கத்தினார். "லீவரைத் திருப்பிப் பெட்ரோலுக்குக் கொண்டாந்து, ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, அப்புறம் ஆஃப் பண்ணணும். மண்ணெண்ணெய்ல ஓடும்போதே நிப்பாட்டினீங்க, கார்புரேட்டர்ல மண்ணெண்ணெய் தங்கிரும். அடுத்த தடவை தலைகீழா நின்னாலும் ஸ்டார்ட் ஆகாது."

நிறுத்திக் காட்டினார். பிறகு ஜெயக்கொடி தன் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைக் கேட்டு வாங்கினாள். முதல் இழுப்பு வீண். இரண்டாவதும் வீண். மூன்றாவதில் சிவப்பு எந்திரம் அவள் கைக்கு அடங்கிக் கத்தியது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவன் விசில் அடித்தான்.

"பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்கம்மா" என்றார் இன்னாசிமுத்து, கடைசி முயற்சியாக.

"வரட்டும்ணே. அதுக்குத்தேன்."

அவர் முத்திருளனைப் பார்த்தார். முத்திருளன் நடைபாதையைப் பார்த்தான்.

"வயரிங் வேலைக்கு நாளைக்கு ஆள் அனுப்புறேன்" என்றார் இன்னாசிமுத்து. "அதுவரைக்கும் வீட்டு லைன்ல மாட்டிறாதீங்க. கரண்ட் திரும்பிக் கம்பத்துக்குப் போனா, ஏறி வேலை பாக்குறவன் உசுரு போயிரும். இன்னைக்கு ஒரு ஃபேனை நேரா மெஷின்லயே செருகி ஓட்டிப் பாருங்க. வெட்டவெளியில வைங்க. புகை அடையக் கூடாது."

*

வண்டிக்காரன் காளையின் மூன்று சக்கர வண்டியில் சிவப்பு எந்திரம் கோச்சடைக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சிவனாண்டி வீட்டு ஜன்னல் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஃபேன் சுற்றுவது கேட்டது.

"எங்கிட்டு எறக்க?" என்றான் காளை.

"கொல்லையில" என்றான் முத்திருளன்.

"சந்துல" என்றாள் ஜெயக்கொடி.

காளைக்கு யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. சந்தில் இறக்கினான்.

"ஜெயக்கொடி, கடைக்காரரு என்ன சொன்னாரு? வெட்டவெளியில வைக்கணும்னு…"

"மேல வானம் தெரியுதுல்ல? வெட்டவெளிதேன்."

"அண்ணன் தூங்குறாரு. இந்த வாரம் வேற டிரைவர் லீவுன்னு தொடர்ந்து வண்டி எடுக்குறாராம். இன்னைக்கும் ராத்திரி போகணும்."

"தெரியும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் முத்திருளனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தவமணி டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்தொன்பது வயது. பெண் பார்க்கும் படலம் முறிந்ததிலிருந்து அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அம்மா, பெரியப்பா தூங்குறாரும்மா" என்றாள் மெதுவாக.

"ஒன்னைய இருட்டுல நிறுத்துனாருல்ல, அப்ப இந்தப் பெரியப்பா தூங்கிக்கிட்டா இருந்தாரு? செருகுடி வயரை."

சரியாக ஒரு மணிக்கு ஊர் கரண்ட் போனது. ஜெயக்கொடி கயிற்றைச் சுற்றினாள்.

சந்தின் இரண்டு சுவர்களுக்கு நடுவில் அந்தச் சத்தம் கடையில் கேட்டதைவிட நாலு மடங்காக இருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து மண் உதிர்ந்தது. லீவரைத் திருப்பினாள். யாரும் உட்காராத கூடத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒற்றை டேபிள் ஃபேன் சுற்றியது.

ஜன்னலுக்குள் கட்டில் கிறீச்சிடுவதை அவள் கேட்டாள். சத்தத்தில் அது கேட்டிருக்க முடியாது. ஆனால் கேட்டதாகவே அவளுக்குத் தோன்றியது.

ஜன்னல் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது.

"சாத்துங்க, சாத்துங்க" என்று சொல்லிக்கொண்டாள்.

*

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. ஜெயக்கொடி எந்திரத்தை நிறுத்தவில்லை. டின்னில் இருந்த மண்ணெண்ணெயை மேலும் ஊற்றினாள். அடுப்புக்கு வைத்திருந்த ரேஷன் மண்ணெண்ணெய் அது. ஒரு வாரத்துக்கு விறகில் சமைத்தால் போகிறது.

மூன்றரைக்குச் சிவனாண்டியின் மனைவி தங்கப்பொண்ணு சந்துக்குள் வந்தாள். பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. புகைக்கு முந்தானையால் மூக்கை மூடியிருந்தாள். வீடு இரண்டான நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் நின்று பேசியது அதுதான் முதல்.

"ஜெயக்கொடி, கரண்டுதேன் வந்துருச்சே. அதை நிப்பாட்டேன்."

"என்னக்கா? கேக்கல."

"நிப்பாட்டுன்னேன்! ஒன் மச்சான் இன்னும் பொட்டுத் தூக்கம் தூங்கல. நேத்து ராத்திரி வண்டி லேட்டு, பன்னண்டரைக்குத்தேன் வந்து படுத்தாரு. ராத்திரி ஏழரைக்கு மறுபடி வண்டி எடுக்கணும்."

"அப்படியா? எம்மகளும் இருபத்திரண்டு நாளாத் தூங்கல. அதுக்கு யாரு வந்து என்கிட்ட கேட்டா?"

"அவரு அப்படிச் செய்யற ஆளில்ல தாயி. நீயே யோசிச்சுப் பாரு."

"கட்டையைக் கையில வச்சுக்கிட்டு நின்னதை இந்தக் கண்ணு ரெண்டும் பாத்துச்சு. செய்யலைன்னா அவரு வாயால சொல்லலாம்ல? வந்து சொல்லச் சொல்லுங்க. இந்தா, இந்தச் சந்துல நின்னு, 'நான் புடுங்கல'ன்னு ஒரு வார்த்தை. இப்பவே நிப்பாட்டுறேன்."

தங்கப்பொண்ணுவின் உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வந்து விழுங்கினாள். அவள் கண் ஜெயக்கொடியைத் தாண்டி, கொல்லை வாசலில் நின்றிருந்த முத்திருளன் மேல் ஒரு கணம் போய் நின்றது. பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் ஜெயக்கொடி புருஷனிடம். "வாயே தெறக்க முடியல. குத்தமுள்ள நெஞ்சு."

முத்திருளன் முகம் வெளிறியிருந்தது. புகைதான் காரணம் என்று அவள் நினைத்தாள்.

*

ஆறு மணிக்கு ஜெயக்கொடி வாசலில் தண்ணீர் தெளிக்கப் போனாள். வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் காதுக்குள் ஏதோ குறைவது போல இருந்தது.

எந்திரம் நின்றிருந்தது.

மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று போய்ப் பார்த்தாள். பாதி டேங்க் இருந்தது. லீவரும் மண்ணெண்ணெய்ப் பக்கமே இருந்தது. கயிற்றைச் சுற்றி இழுத்தாள். எந்திரம் இருமியது, கிளம்பவில்லை. ஏழு தடவை இழுத்தாள். உள்ளங்கை சிவந்து எரிந்தது.

"யாரு இதை நிப்பாட்டுனது?"

"நாந்தேன்" என்றான் முத்திருளன். கொல்லை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"லீவரைத் திருப்பாம நிப்பாட்டக் கூடாதுன்னு அந்தாளு தொண்டை கிழியச் சொன்னாருல்ல?"

"தெரிஞ்சுதேன் நிப்பாட்டினேன். மறுபடி நீ ஓட்டக் கூடாதுன்னு."

ஜெயக்கொடி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "ஓ! இப்பத்தேன் அண்ணன் பாசம் பொங்குதோ? அவரு கட்டையைப் புடுங்கையில எங்க போயிருந்துச்சு இந்தப் பாசம்? வெத்தலை வாங்கக் கடைக்குப் போயிருந்துச்சோ?"

"அவரு புடுங்கல."

"நான் பாத்தேன்யா!"

"நீ பாத்தது அவரு திருப்பி மாட்டுறதை." முத்திருளன் நிலையை விட்டு வெளியே வந்தான். "புடுங்கினது நான்."

சந்தில் காற்றே இல்லை. எந்திரத்தின் சூட்டில் இரும்பு டிக், டிக்கென்று ஒலித்துக்கொண்டிருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"வெத்தலை வாங்கப் போறேன்னு வெளிய வந்து, கட்டையைப் புடுங்கிச் சாக்கடை ஓரமாப் போட்டுட்டுப் போனேன். அண்ணன் வாசப்பக்க ஜன்னல் வழியாப் பாத்துட்டாரு. வந்து தேடி எடுத்து மாட்டினாரு. அப்பத்தேன் நீ வந்தே."

அவள் அடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் ஒரே ஒரு சொல்தான் கேட்டாள்.

"ஏன்?"

"அந்த மாப்பிள்ளைக்கு முன்னமே ஒரு கல்யாணம் ஆயிருக்கு. அன்னைக்கு மத்தியானம் மில்லுல, அவங்க ஊர்க்காரன் ஒருத்தன் சொன்னான். கட்டுன ஆறாம் மாசம் அந்தப் புள்ளை கெணத்துல கெடந்துச்சாம். விழுந்துச்சா, தள்ளுனாங்களா, யாருக்கும் தெரியாது. பேசி அமுக்கிட்டாங்க. நம்ம தவமணி வயசுதானாம்."

ஜெயக்கொடி சுவரில் சாய்ந்தாள். சூடான புகைக்குழாய் முழங்காலில் உரசியது. அவள் காலை நகர்த்தவில்லை.

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஒங்க அண்ணன் கொண்டாந்த சம்பந்தம். அவரு பேச்சுக்கு மேல ஒனக்கு வேதம் ஏது? அதான் நேரா அவருகிட்டயே போய்ச் சொன்னேன். நாலு மணிக்கு, அவங்க வர்றதுக்கு முன்னாடி. விருமாண்டி மச்சான் என்ன சொன்னாரு தெரியுமா? 'எனக்குத் தெரியாததையா சொல்ல வந்துட்டே மாப்ள? ஆம்பளைன்னா நாலு இருக்கும். எந்தங்கச்சிகிட்ட மூச்சு விட்டே, நீ பொறாமையில இல்லாததும் பொல்லாததும் சொல்றேன்னு நானே சொல்லுவேன். யாரை நம்புவான்னு பாக்கலாமா?'ன்னாரு."

"அண்ணனுக்குத் தெரியுமா?" என்றாள் ஜெயக்கொடி. "தெரிஞ்சேவா கொண்டாந்துச்சு?"

"தெரிஞ்சேதேன்."

தகப்பன் இல்லாத வீட்டில் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் விருமாண்டி. அவளுக்குத் தாலி எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். ஜெயக்கொடிக்கு அழுகை வந்தது. அதை வரவிடாமல் பல்லைக் கடித்தாள்.

"இருபத்திரண்டு நாளா நான் அந்த மனுசனை வையாத வசவில்ல. நீங்க பக்கத்துல உக்காந்து எங்கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

முத்திருளன் தலை குனிந்தான்.

"எருமையை விக்கயில சொல்லியிருக்கலாம். கடையில சொல்லியிருக்கலாம். ஒங்களை அப்புறம் வச்சுக்கிறேன்" என்றாள் ஜெயக்கொடி. கயிற்றை வீசி எறிந்துவிட்டு, சந்தைக் கடந்து மூத்தார் வீட்டுப் படியில் ஏறினாள்.

தங்கப்பொண்ணு சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"மச்சான் எங்கக்கா?"

"இப்பத்தேன் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போறாரு. சாப்பிடக்கூட இல்ல. அஞ்சு தடவை மூஞ்சியக் கழுவுனாரு. கண்ணு ரெண்டும் செக்கச்செவேல்னு…" தங்கப்பொண்ணு நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். "கொழுந்தன் சொல்லிட்டாரா?"

"ஒங்களுக்கும் தெரியுமா?"

"'பொண்டாட்டி முன்னாடி தம்பி தலை குனியக் கூடாது. நீ வாயைத் தொறக்காதே'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு ஜெயக்கொடி."

ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, தூங்காத கண்ணோடு, மெட்ராஸ் வரைக்கும். அப்போதுதான் ஜெயக்கொடிக்குத் தான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது. 

"தவமணியைப் பாத்துக்கங்கக்கா" என்று வாசலுக்கு ஓடினாள்.

*

முத்திருளன் சைக்கிளை மிதித்தான். ஜெயக்கொடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் செயின் கழன்றது. அவன் குனிந்து மாட்டுவதற்குள் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். காளவாசலில்தான் அவளை எட்டிப் பிடித்து மறுபடி ஏற்றிக்கொண்டான்.

வெளியூர் பஸ் நிற்கும் இடத்தில் மெட்ராஸ் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மணி ஏழரை. கண்டக்டர் கதவை அடிக்க, வண்டி பின்வாங்கத் தொடங்கியது. ஜெயக்கொடி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, வண்டி திரும்பி நிமிர்ந்ததும் முன்பக்கத் தகரத்தில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள்.

"மச்சான்! எறங்குங்க! வண்டிய எடுக்காதீங்க!"

பிரேக் கிறீச்சிட்டது. டிரைவர் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தது மீசை அரும்பிய ஓர் இளைஞன்.

"யாரும்மா நீங்க? வண்டிக்கு முன்னாடி விழப் பாக்குறீங்க?"

"சிவனாண்டி… டிரைவர் சிவனாண்டி…"

"அண்ணனா? உள்ள படுத்திருக்காரு. அங்கிட்டுப் போய்க் கேளுங்க."

நேரக் காப்பாளர் அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. அதில் காக்கிச் சட்டையோடு, ஒரு கையை நெற்றிக்கு மேல் போட்டுக்கொண்டு சிவனாண்டி கிடந்தார். நாலாபக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. முறுக்கு விற்பவன் அவர் காதருகே கூவிக்கொண்டு போனான். அவர் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை வந்தது.

"நீங்க வீட்டு ஆளுங்களா?" என்று நேரக் காப்பாளர் கேட்டார். "என்னங்க ஆச்சு இவருக்கு? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு, 'கண்ணு செருகுது சார், இன்னைக்கு நான் வண்டியைத் தொட மாட்டேன்'னு. இருபத்தோரு வருஷ சர்வீஸ்ல மொதத் தடவை. எழுதிக் குடுங்கன்னா, 'தூங்கவில்லை'ன்னு ஒத்தை வார்த்தை எழுதுறாரு. ஏன் தூங்கலைன்னா சொல்ல மாட்டேங்குறாரு. குடிச்சிருக்காரோன்னு மேலதிகாரி நெனைப்பாரு. நாளைக்கு விசாரணை வைப்பாங்க."

ஜெயக்கொடி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் கண் இமைகள் வீங்கியிருந்தன. எழுப்பி ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது? கீழே விழுந்து கிடந்த அவருடைய துண்டை எடுத்து, தூசி தட்டி, அவர் கால்மாட்டில் வைத்தாள்.

"நாளைக்கு விசாரணைக்கு நான் வாரேன் சார்" என்றாள். "அவரைத் தூங்கவிடாமப் பண்ணுனது நான். யாருகிட்ட வேணும்னாலும் சொல்றேன்."

வெளியே வந்ததும் முத்திருளன் சைக்கிளைத் திருப்பினான். "வீட்டுக்குப் போவோமா?"

"சைக்கிளைப் பூட்டி இங்கிட்டே நிறுத்துங்க. செக்கானூரணி வண்டி எந்தப் பக்கம் நிக்கும்?"

"இப்பவா? ஒங்க அண்ணன் வீட்டுக்கா?"

"நீங்களும் வாரீங்க. எங்கிட்ட சந்துல சொன்னதை அது முகத்துக்கு நேரா, ஒரு எழுத்து விடாமச் சொல்லணும். நடுவுல நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க…" அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. முத்திருளன் சைக்கிளைப் பூட்டினான்.

செக்கானூரணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் கூடையோடு ஒரு கிழவி நகர்ந்து உட்கார்ந்தாள். பிறந்த ஊர்க்காரி, சோணையம்மாள். பூ விற்கத் தினமும் மதுரைக்கு வந்து போகிறவள்.

"என்னத்தா ஜெயக்கொடி, இம்புட்டு நேரங்கழிச்சு வார? பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் சாயங்காலமே வந்துருப்பாங்களே. நாலு பந்து மல்லிகப்பூ ஒங்கண்ணன் எங்கிட்டத்தேன் சொல்லியிருந்தாரு. ஒடன்பெறந்தவ இல்லாமலா தட்டு மாத்துவாரு?"

ஜெயக்கொடி மெதுவாகத் திரும்பினாள். "யாருக்கு சின்னாத்தா தட்டு மாத்துறாக?"

"என்னத்தா கேக்குற? ஒங்கண்ணன் மகனுக்குத்தேன். ஒனக்குச் சொல்லலையா?" கிழவி குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணு வேற யாருமில்ல. ஒம்மகளைப் பாக்க வந்தாருல்ல ஒரு மாப்பிள்ளை, அவரு தங்கச்சிதேன். பொண்ணு குடுத்துப் பொண்ணெடுக்கிறதாத்தேன் மொதல்ல பேச்சாம். ஒம்மக சம்பந்தம் முறிஞ்சதுல ஒங்கண்ணனுக்கு ரொம்ப வருத்தம். வேற எடத்துல பொண்ணு அமையாம அவங்களும் இப்ப, 'அந்தப் புள்ளையத் திரும்பப் பேசி முடிங்க, அப்பத்தேன் எங்க பொண்ணு தாலிக்கு நிக்கும்'னு சொல்லியிருக்காகளாம்."

பஸ் கிளம்பியது. எதிர் சீட்டில் முத்திருளன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

ஜெயக்கொடி அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி, இறுக்கிக் கொண்டை போட்டாள். கிழவியின் கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்துத் தானே தலையில் வைத்துக்கொண்டாள்.

"விசேஷத்துக்குத்தேன் போறேன் சின்னாத்தா" என்றாள். "நான் இல்லாம எங்கண்ணன் வீட்டுல எது நடக்கும்?"